கண்ணு பாக்குது, ஆனா தெரியல: கவனம் விஷுவல் கார்டெக்ஸ் செல்லுங்கள என்ன பண்ணுது?

கொல்லிமலைக்காத்து:
ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு கேட்டே ஆகணும்னு எழுதறேன். அப்பாவுக்கு மூணு மாசம் முன்னாடி மூளையோட வலது பக்கத்துல ஸ்ட்ரோக் வந்துச்சு. கை கால் பரவால்ல, இப்ப தானா நடக்கறாரு. ஆனா தட்டுல ரெண்டு இட்லி வச்சா வலது பக்கம் இருக்கறத மட்டும் சாப்பிட்டுட்டு கை கழுவ எந்திரிச்சிடறாரு, இடது பக்க இட்லி தொடாம அப்படியே இருக்கு. தட்ட அரை சுத்து திருப்பி வச்சா, இத எப்ப வச்சன்னு என்னைய கேக்கறாரு. ஷேவிங் பண்ணா இடது கன்னத்துல தாடி அப்படியே நிக்குது. கண் டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு, ஃபீல்ட் டெஸ்ட் எடுத்து ரெண்டு பக்கமும் பார்வை இருக்குன்னு சொல்லிட்டாங்க. நியூரோ டாக்டர் இதுக்கு நெக்லெக்ட்னு பேரு, இது பார்வைக் கோளாறு இல்லம்மா கவனக் கோளாறுன்னு சொன்னாரு, அதுக்கு மேல கேக்க நேரம் கிடைக்கல.

எனக்கு புரியாதது இதுதான். கண்ணு நல்லாருக்கு, மூளைல பாக்கற பகுதியும் நல்லாருக்குன்னா அந்த இட்லி எங்க போய் காணாம போகுது? கவனம்னு நாம சொல்றது மனசு சம்பந்தப்பட்டதா, இல்ல பாக்கற செல்லுங்களையே அது மாத்துதா? இந்தத் துறைல இருக்கறவங்க யாராவது சொல்லுங்க, மெதுவா சொன்னாலும் பரவால்ல.

விடியல்77:
சிஸ்டர், அப்பா சீக்கிரம் நல்லாகட்டும். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். கவனம்னா கண்ணை எங்க திருப்பறோம்ங்கறதுதான். கண்ணோட நடுப்பகுதிலதான் தெளிவா தெரியும், கை நீட்டி கட்டை விரல் நகத்த பாத்தா அந்த நகம் அளவுதான் நிஜமான ஷார்ப் பார்வை, மத்ததெல்லாம் மங்கல்தான். அப்பா கண்ணு இடது பக்கம் போகாம இருக்கும், அதான் தெரியல. செல்லு வரைக்கும் எதுக்கு போகணும்?

எக்ஸ்ரே ரூம்:
விடியல், அது பாதி சரி, பாதி இல்ல. நான் ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்கறவன். எங்க ஃபீல்டுல 2013ல வந்த ஒரு ஸ்டடிய பத்தி அடிக்கடி பேசுவோம். நுரையீரல் சிடி ஸ்கேன்ல கட்டி தேடற ரேடியாலஜிஸ்ட் 24 பேருக்கு ஒரு கேஸ்ல ஸ்கேனுக்குள்ளயே ஒரு கொரில்லா படத்த ஒட்டி வச்சாங்க. அவங்க வழக்கமா தேடற கட்டிய விட 48 மடங்கு பெருசு அந்தப் படம். 24ல 20 பேர் அத பாக்கவே இல்ல. இதுல முக்கியமான விஷயம், கண்ணு எங்க போகுதுன்னு பாக்கற மிஷினும் வச்சிருந்தாங்க, தவறவிட்டவங்கள்ல பாதிக்கு மேல அந்த இடத்த நேராவே பாத்திருக்காங்க. கண்ணு அங்கதான் இருந்துச்சு, நகத்தளவு ஷார்ப் பார்வை அது மேலயேதான் விழுந்துச்சு. அப்புறமும் தெரியல. அவங்க யாரும் கத்துக்குட்டி இல்ல, வருஷக்கணக்கா படம் பாக்கறவங்க. அதனால கண்ணு திரும்பறதுதான் கவனம்னு முடிச்சிட முடியாது.

நரம்புத்தறி:
இந்த இழைய பாத்துட்டு தூங்கப் போக முடியல. வெளிநாட்டுல ஒரு பார்வை ஆய்வுக்கூடத்துல ஆறு வருஷம் இதே கேள்வியோடதான் உக்காந்திருந்தேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

மொதல்ல விடியல் சொன்னதுக்கு. கண்ண அசைக்காமயே கவனத்த மட்டும் நகர்த்த முடியும்னு 19ஆம் நூற்றாண்டுலயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் மேலயே சோதிச்சு பாத்துட்டாரு. இருட்டுப் பெட்டிக்குள்ள எழுத்துங்கள வச்சு, நடுவுல ஊசித்துளை வெளிச்சத்துல கண்ண நிறுத்திகிட்டு, ஒரே ஒரு மின்பொறி அடிக்கற நேரம் மட்டும் எழுத்த பாக்கறது. பொறி அடிக்கறதுக்கு முன்னாடியே இந்த மூலைலதான் கவனம் வைப்பேன்னு முடிவு பண்ணிட்டா அந்த மூலை எழுத்து மட்டும் படிக்க முடியுது, மத்தது முடியல. பொறி வெளிச்சம் கண்ணு நகர்றதுக்குள்ள முடிஞ்சிடும். அப்ப மாறினது கண்ணு இல்ல, உள்ள இருக்கற ஏதோ ஒண்ணு.

அந்த உள்ள இருக்கறது என்னன்னு பாக்க விஷுவல் கார்டெக்ஸ், அதாவது மூளையோட மேல்பரப்புல பார்வைய கவனிக்கற பகுதி, எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வார்த்தை. பின்மண்டைல வி1னு ஒரு பகுதி, கண்ணுலேர்ந்து, மூளை நடுவுல இருக்கற தலாமஸ்ங்கற பகுதி வழியா வர்ற செய்தி கார்டெக்ஸ்ல மொதல்ல இறங்கற இடம். அங்க ஒவ்வொரு நியூரானுக்கும் காட்சில ஒரு துண்டு எடம்தான் சொந்தம், அதுக்கு ரிசப்டிவ் ஃபீல்ட்னு பேரு. அந்தத் துண்டுல அதுக்குப் பிடிச்ச சாய்வுல ஒரு கோடு வந்தா மட்டும் அது ஃபயர் பண்ணும், அதாவது மின்துடிப்பு விடும். இத 1959ல பூனைல கண்டுபிடிச்சு சொன்ன ஹியூபலுக்கும் வீசலுக்கும் 1981ல நோபல் கிடைச்சுது. வி1லேர்ந்து வி2, வி4, அப்புறம் நெத்திப்பொட்டுப் பக்கம் இருக்கற டெம்போரல் பகுதின்னு மேல போகப் போக அந்த துண்டு பெருசாகிட்டே போகும். வி4 செல்லு ஒண்ணோட துண்டுக்குள்ள ரெண்டு மூணு பொருள் சாதாரணமா அடங்கிடும். பிரச்சினையே இங்கதான் ஆரம்பிக்குது, ஒரே செல்லு, அது முன்னாடி ரெண்டு பொருள், அது எதப் பத்தி சொல்லும்?

1985ல மோரனும் டெசிமோனும் இதத்தான் செஞ்சு பாத்தாங்க, அமெரிக்காவுல பெதஸ்டா மனநல ஆய்வு நிறுவனத்துல. குரங்கு நடுப்புள்ளிய மட்டும் பாத்துகிட்டு இருக்கும், கண்ணு நகரக் கூடாது. வி4 செல்லு ஒண்ணோட ஃபீல்டுக்குள்ள ரெண்டு பட்டை. ஒண்ணு அந்த செல்லுக்கு ரொம்ப பிடிச்ச நிறம், இன்னொண்ணு பிடிக்காத நிறம். குரங்குக்கு பழக்கினது இதுதான், சொல்ற எடத்துல இருக்கற பட்டைய மட்டும் கவனிச்சு வச்சுக்கணும். பிடிச்ச பட்டைய கவனிச்சா செல்லு நல்லா ஃபயர் பண்ணுச்சு. பிடிக்காதத கவனிச்சப்ப, பிடிச்ச பட்டை அங்கயே அதே வெளிச்சத்துல இருந்தும் ஃபயரிங் சரிஞ்சு போச்சு. கண்ணுல விழுந்த படம் ரெண்டு தடவையும் ஒண்ணுதான். கவனிச்ச பொருள சுத்தி ரிசப்டிவ் ஃபீல்டே சுருங்கிட்ட மாதிரி செல்லு நடந்துகிச்சு. கொல்லிமலை அக்கா, உங்க கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. கவனம்ங்கறது பாத்து முடிச்சதுக்கப்புறம் வர்ற மன வேலை மட்டும் இல்ல, பாக்கற செல்லோட பேச்சையே மாத்தற விஷயம்.

இத நான் காதாலயே கேட்டிருக்கேன். ரெக்கார்டிங் ரூம் இருட்டா இருக்கும், மூளைக்குள்ள வச்ச மெல்லிசு எலக்ட்ரோடு கம்பிலேர்ந்து வர்ற ஸ்பைக்க, அதாவது செல்லோட மின்துடிப்ப, ஸ்பீக்கர்ல போட்டு விடுவோம். ஒரு நல்ல செல்லு கிடைச்சா எண்ணெய்ல கடுகு வெடிக்கற சத்தம்தான், வேற உவமையே எனக்கு தோணினதில்ல. திரையில ரெண்டே பட்டை, எதுவும் மாறல, கண்ணோட எடத்த காட்டற புள்ளியும் நடுவுலயே நிக்குது. இந்த வரிசை முயற்சில வலது பட்டைய கவனின்னு குறி குடுத்தா கடுகு படபடன்னு வெடிக்குது, இடதுக்கு மாத்தினா சத்தம் விட்டு விட்டு வருது. மொத தடவ கேட்டப்ப எனக்கு கை சில்லுனு ஆயிடுச்சு. இன்னொரு உசுரோட கவனம் எந்தப் பக்கம் இருக்குன்னு அதோட கண்ண பாத்து கண்டுபிடிக்க முடியாது, ஆனா அந்த சத்தத்த வச்சு சொல்லிடலாம்.

மலைக்கோட்டை:
அண்ணா அருமையா எழுதியிருக்கீங்க, ரெண்டு தடவ படிச்சேன். எனக்கு ரெண்டு டவுட். ஒரே ஒரு பொருள்தான் ஃபீல்டுக்குள்ள இருக்குன்னா கவனம் ஏதாவது பண்ணுமா? அப்புறம் இடத்த கவனிக்கறது சரி, கோயில் கூட்டத்துல அம்மாவோட செவப்பு சேலைய தேடறப்ப எனக்கு இடமே தெரியாதே, நிறம்தான தெரியும், அப்ப எப்படி?

நரம்புத்தறி:
தம்பி, ரெண்டுமே நேரா எலும்பத் தொடற கேள்வி.

ஒரே பொருள்னா விளைவு சின்னதுதான், ஆனா இருக்கு. மோரன் டெசிமோன் பேப்பர்ல போட்டிப் பொருள ஃபீல்டுக்கு வெளிய வச்சா கவனத்தோட விளைவு காணாம போச்சு. அப்புறம் வந்தவங்க கொஞ்சம் கஷ்டமான வேலை குடுத்து நெறைய செல்லுங்கள எடுத்து பாத்தப்ப, ஒத்தப் பொருளுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுது. 1999ல மெக்காடம்ஸும் மான்செல்லும் வி4ல பாத்தது கிட்டத்தட்ட கால்வாசி கூடுதல், வி1ல அத விட ரொம்ப கம்மி. அவங்க சொன்னதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, செல்லோட ரசனை மாறல. எந்த சாய்வு பிடிக்குமோ அதேதான் பிடிக்குது, பிடிக்காததுக்கு அதே அளவு விலகல்தான், மொத்த வளைகோடும் ஒரே எண்ணால பெருக்கின மாதிரி மேல ஏறுது. இந்த கால்வாசி ஏத்தத்த ஸ்பீக்கர்ல காதால கண்டுபிடிக்க முடியாது, நூத்துக்கணக்குல முயற்சிய சேர்த்து சராசரி எடுத்தாத்தான் வரும். ரெண்டு பொருள் போட்டி போடறப்பதான் காதுக்கே கேக்கற அளவு வித்தியாசம்.

ஏன் போட்டில மட்டும் இவ்ளோ பெருசுங்கறதுக்கு டெசிமோனும் டங்கனும் 1995ல ஒரு யோசனை வச்சாங்க, பொருளுங்க செல்லுக்காக ஒண்ணோட ஒண்ணு மோதிக்குது, கவனம் ஒரு பக்கம் சாய்ச்சு விடுதுன்னு. 2009ல ரெனால்ட்ஸும் ஹீகரும் அத கணக்கா எழுதினாங்க. ஒவ்வொரு செல்லுக்கும் வர்ற தூண்டல, சுத்தி இருக்கற செல்லுங்களோட மொத்த தூண்டலால வகுத்துடு, கவனம் வகுக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்த பெருக்கி விடுது. தனியா இருந்தா பெருக்கினாலும் வகுத்தாலும் பெருசா ஒண்ணும் நடக்காது. ரெண்டு பேர் இருந்தா கவனிச்சவன் மேல போறது மட்டும் இல்ல, அவனே கீழ வகுக்கற எண்ணுலயும் பெருசாகி பக்கத்துல இருக்கறவன அமுக்கிடுவான். அவ்ளோதான் விஷயம். ஆய்வுக்கூடங்க வருஷக்கணக்கா சண்டை போட்ட நெறைய முடிவுங்க இந்த ஒரு வகுத்தலுக்குள்ள அடங்கிடுச்சு.

இன்னொண்ணு கேளுங்க. திரைல ஒண்ணுமே இல்லாதப்பவும் கவனம் வேலை செய்யுது. 1997ல லக், செலாட்ஸி, ஹில்யார்ட், டெசிமோன் நாலு பேரும் வி2லயும் வி4லயும் பாத்தது, பொருள் வர்றதுக்கு முன்னாடியே, அந்த எடத்துல வரப்போகுதுன்னு காத்திருக்கறப்ப செல்லுங்களோட சும்மா இருக்கற ஃபயரிங் 30லேர்ந்து 40 சதவீதம் கூடியிருந்துச்சு. பஸ்ஸுக்கு காத்திருக்கறவன் வளைவையே பாத்துட்டு நிப்பான் இல்ல, வளைவுல ஒண்ணும் இல்லன்னாலும் அவனோட செல்லுங்க ஏற்கனவே சூடாகி நிக்குது.

செவப்பு சேலைக்கு வர்றேன். 1999ல ட்ரூயேவும் மார்ட்டினெஸ் ட்ரூஹியோவும் அசைவ பாக்கற எம்டிங்கற பகுதில செஞ்சாங்க. குரங்கு திரையோட ஒரு பாதில மேல போற புள்ளிங்கள கவனிக்குது. நாம கேக்கற செல்லோட ஃபீல்ட் மறு பாதில, அங்க அதோட கவனமே இல்ல. ஆனாலும் அந்த செல்லுக்கு மேல போறது பிடிக்கும்னா அதோட பதில் கூடுது, கீழ போறது பிடிக்கும்னா குறையுது. எதத் தேடறோமோ அந்தப் பண்புக்கு ஓட்டு போடற செல்லுங்க காட்சி முழுக்க எங்க இருந்தாலும் தூக்கி விடப்படுது. நிறத்துக்கும் இதே போக்குதான். உங்க அம்மாவ தேடறப்ப செவப்புக்கு வேலை செய்யற செல்லுங்க கோயில் முழுக்க ஒரே நேரத்துல ஏத்தி விடப்பட்டிருக்கும், அதனாலதான் வேற ஒருத்தங்க செவப்பு சேலைக்கும் கண்ணு ஓடி ஓடி போயிட்டு வருது.

விடியல்77:
நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன், நல்லா புரிஞ்சுது. ஆனா ஒண்ணு உறுத்துது. வி4 செல்லுக்கு இப்ப இடது பட்டைய கவனின்னு யார் சொல்றாங்க? மூளைக்குள்ள ஒரு மேனேஜர் உக்காந்திருக்கானா?

நரம்புத்தறி:
மேனேஜர்னு ஒரு எடம் இல்ல, ஆனா கட்டளை வர்ற வழி ஒண்ணு நல்லா தெரியும், அதுல நீங்க மொதல்ல சொன்ன கண்ணு திருப்பற விஷயம் திரும்ப உள்ள வருது பாருங்க. மூளையோட முன்பகுதில ஃப்ரன்டல் ஐ ஃபீல்ட்னு ஒண்ணு, கண்ண எங்க திருப்பணும்னு திட்டம் போடற இடம். அங்க போதுமான கரண்ட் குடுத்தா கண்ணு ஒரு குறிப்பிட்ட எடத்துக்கு பாயும். 2003ல மூரும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் கண்ணு நகராத அளவுக்கு கரண்ட குறைச்சு குடுத்தாங்க. கண்ணு அப்படியே நின்னுச்சு, ஆனா அந்த எடத்தையே பாக்கற வி4 செல்லுங்களோட பதில் கூடிடுச்சு, குரங்கு தானா கவனிச்சா எப்படி கூடுமோ கிட்டத்தட்ட அப்படியே. வேற எடத்த பாக்கற செல்லுங்களுக்கு அந்த ஏத்தம் இல்ல. அப்ப கண்ணு திருப்பற சர்க்யூட்டும் கவனத்த நகர்த்தற சர்க்யூட்டும் ரொம்ப நெருங்கின சொந்தம்.

கீழயும் வேலை நடக்குது. தலாமஸ சுத்தி ரெட்டிகுலார் நியூக்ளியஸ்னு ஒரு மெல்லிசு ஓடு இருக்கு, அது தடுக்கற செல்லுங்களாலயே ஆனது. இதுதான் கவனத்தோட டார்ச் லைட்ட ஓட்டற இடமா இருக்கும்னு 1984லயே ஃபிரான்சிஸ் கிரிக் எழுதி வச்சாரு, டிஎன்ஏ கிரிக்கேதான். 24 வருஷம் கழிச்சு 2008ல மெக்கலோனன், கவனா, வுர்ட்ஸ் மூணு பேரும் அளந்து காட்டினாங்க, கவனம் வந்தா அந்த ஓட்டோட ஃபயரிங் குறையுது, உள்ள இருக்கற பார்வைத் தலாமஸோட ஃபயரிங் கூடுது. தடை விலகி வழி விடற மாதிரி.

பாலாறு:
நானும் இதே துறைதான், கம்ப்யூட்டேஷன் பக்கம். நரம்புத்தறி சொன்னதுல தப்பு இல்ல, ஆனா ஃபயரிங் கூடறதுதான் கவனம்ங்கற மாதிரி படிக்கறவங்க எடுத்துக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு, அதனால ரெண்டு எதிர்ப்பக்க விஷயத்த வைக்கறேன்.

ஒண்ணு, 2009ல கோஹனும் மான்செல்லும் வி4ல டஜன் கணக்குல செல்லுங்கள ஒரே நேரத்துல எடுத்து பாத்தாங்க. தனித்தனியா ஃபயரிங் கூடினது இருந்துச்சு, ஆனா அத விட பெரிய மாற்றம் செல்லுங்களோட தப்புங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஆடறது குறைஞ்சதுதான். சந்தைல ஒரு பலாப்பழத்த வச்சு பத்து பேர எடை சொல்லச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனியா தப்பு பண்ணா ஒருத்தர் கூட சொல்வார், ஒருத்தர் குறைச்சு சொல்வார், சராசரி எடுத்தா கிட்டத்துல வந்துடும். பத்து பேரும் மொத ஆள் சொன்னதக் கேட்டுட்டே சொன்னா நூறு பேர சேர்த்தாலும் அதே தப்புதான். கவனம் வந்தா செல்லுங்க ஒண்ணப் பாத்து ஒண்ணு சொல்றது குறையுது. குரங்கோட செயல்திறன் கூடினதுல பெரும்பங்கு இதனாலதான்னு அவங்க கணக்கு. அதே வருஷம் மிட்சல், சண்ட்பர்க், ரெனால்ட்ஸும் இதையே தனியா கண்டுபிடிச்சாங்க. ஒரு செல்லோட கடுகு சத்தத்த மட்டும் கேட்டா இது காதுல விழவே விழாது.

ரெண்டாவது இத விட சங்கடமானது. 2012ல ஸெனானும் க்ராஸ்லிஸும் நடுமூளைல சுப்பீரியர் காலிகுலஸ்ங்கற பகுதிய மருந்து வச்சு கொஞ்ச நேரம் தூங்க வச்சாங்க. குரங்கோட கவனம் அந்தப் பக்கம் சுத்தமா அடிபட்டு போச்சு, குறி சொன்ன எடத்துல நடந்த மாற்றத்தயே தவறவிடுது. ஆனா அதே நேரம் எம்டிலயும், அதுக்குப் பக்கத்துல அசைவ பாக்கற எம்எஸ்டிங்கற பகுதிலயும் செல்லுங்கள பாத்தா, கவனத்தால வர்ற ஃபயரிங் ஏத்தம் அப்படியே ஜம்முனு இருக்கு. அதாவது கார்டெக்ஸ்ல நாம கவனத்தோட அடையாளம்னு கொண்டாடற விஷயம் முழுசா இருந்தும் கவனம் இல்ல. கார்டெக்ஸ்ல செய்தி ஏறினா மட்டும் போதாது, முடிவு எடுக்கற எடத்துக்கு அது போய் சேரணும், அந்தக் கதவு வேற எடத்துல இருக்குன்னு அர்த்தம். என்னக் கேட்டா நம்ம துறையோட ரொம்ப முக்கியமான பேப்பர் இதுதான்.

நரம்புத்தறி:
பாலாறு, அந்த பேப்பர் வந்த வாரம் எங்க லேப்ல ஒருத்தர் முகத்துலயும் ஈயாடல, நல்லா ஞாபகம் இருக்கு. நான் ஒரு எடத்துல மட்டும் உங்களோட மாறுபடறேன். காலிகுலஸ அணைச்சா கவனம் போகுதுங்கறது கார்டெக்ஸ் ஏத்தம் மட்டும் போதாதுன்னு காட்டுது, அது தேவையே இல்லன்னு காட்டல. மைக் நல்லா வேலை செஞ்சு ஸ்பீக்கர் வயர் அறுந்தாலும் சத்தம் வராது, அதுக்காக மைக் வேஸ்ட்னு சொல்ல முடியாதில்ல. பலாப்பழக் கணக்கு ரொம்ப சரி, அத நான் சேர்த்திருக்கணும்.

மலைக்கோட்டை:
கேக்கலாமான்னு தெரியல, ஆனா மனசுல நிக்குது. அந்த குரங்குங்களுக்கு வலிக்காதா?

நரம்புத்தறி:
கேக்க வேண்டிய கேள்விதான் தம்பி. மூளைத் திசுவுக்குள்ள வலி உணரற நரம்பு இல்ல, எலக்ட்ரோடு உள்ள இருக்கறது அதுக்கு தெரியாது. அறுவை சிகிச்சை மயக்க மருந்து குடுத்துதான் செய்வாங்க. சரியா செஞ்சா ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு ஜூஸ். ஆனா தலைய அசைக்காம மணிக்கணக்கா உக்கார வைக்கறோம், அந்த ஜூஸுக்கு ஆசை வரணும்னு தண்ணிய அளந்து குடுக்கறோம், அதோட விருப்பத்த யாரும் கேக்கல. நான் வேலை பாத்த குரங்கு காலைல நான் கதவ திறக்கற சத்தத்துக்கு கம்பிகிட்ட வந்து நிக்கும். ஆறு வருஷத்துல எனக்கு அது பழகவே இல்ல, பழகக் கூடாதுன்னும் நெனச்சேன். இந்த அறிவு அதுங்ககிட்ட வாங்கினதுங்கறத மறக்காம சொல்றது என் கடமை.

கொல்லிமலைக்காத்து:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உக்காந்து முழுசா படிச்சேன், சிலது ரெண்டு மூணு தடவ. அப்ப எங்க அப்பாவுக்கு இடது பக்க இட்லி வி1 வரைக்கும் போகுதுன்னு எடுத்துக்கலாமா? போய்ட்டு அங்க தோத்துப் போகுதா?

நரம்புத்தறி:
அக்கா, உங்க அப்பாவ பாக்காம அவர பத்தி சொல்ல முடியாது, ஆனா இதே மாதிரி ஒருத்தர பத்தி 2000ல ரீஸும் கூட இருந்தவங்களும் எழுதினாங்க. மூளையோட மேல்பக்கம் பின்னால இருக்கற பரைட்டல் பகுதில, வலது பக்கம் ஸ்ட்ரோக். இடது பக்கம் மட்டும் படம் காட்டினா சொல்லிடுவாரு, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல காட்டினா இடது காணாம போயிடும். அந்த மாதிரி இடது பக்கத்த அவர் பாக்கலன்னு சொன்ன நேரத்துலயே எஃப்எம்ஆர்ஐ (மூளைல எந்த எடம் வேலை செய்யுதுன்னு காட்டற ஸ்கேன்) எடுத்தா வலது விஷுவல் கார்டெக்ஸ்ல, வி1 உட்பட, அந்தப் படத்துக்கு செயல்பாடு இருந்துச்சு. செய்தி வருது, வந்தும் ஜெயிக்கல. வலது பக்க பொருள் கூட இல்லன்னா ஜெயிக்குதுங்கறத கவனிங்க, மேல சொன்ன ரெண்டு பட்டை போட்டி மாதிரியே இருக்கு. சாய்ச்சு விடற கை ஒரு பக்கத்துக்கு பலவீனமாயிட்டா எல்லா போட்டிலயும் வலதே ஜெயிக்கும். எனக்கு இப்படித்தான் படுது, பாலாறு வேற மாதிரி சொல்லலாம்.

பாலாறு:
இந்த எடத்துல வேற மாதிரி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

எக்ஸ்ரே ரூம்:
சிஸ்டர், எங்க பக்கத்து ரூம்ல ரீஹேப் பாக்கற மேடம்கிட்ட கேட்டு சொல்றேன். படிக்கறப்ப பக்கத்தோட இடது ஓரத்துல நல்ல அழுத்தமான சிவப்பு கோடு ஒண்ணு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோட்ட கண்டுபிடிச்சிட்டுதான் ஆரம்பிக்கணும்னு பழக்குவாங்களாம். தட்டுக்கும் அதே மாதிரி செய்யலாமாம். உங்க தெரபிஸ்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்ங்க. அப்புறம் இடது பக்கம் ஆள் உக்காந்து பேசறதும் நல்லதாம், ஆனா மொதல்ல பேரச் சொல்லி கூப்பிட்டு அவர் திரும்பற வரைக்கும் நில்லுங்க.

கொல்லிமலைக்காத்து:
தெரபிஸ்ட் சரின்னு சொன்னாங்க, பத்து நாளாச்சு. சில்வர் தட்டோட இடது விளிம்புல சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். வலது பக்கம் டம்ளர், சட்னி கிண்ணம் எதையும் வைக்கறதில்ல, அங்க போட்டிக்கு ஆள் வேண்டாம்னு நானா எடுத்துட்டேன். சாப்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அப்பா சிவப்ப தொடுங்கன்னு சொல்றேன், விரலால விளிம்ப தடவிகிட்டே போவாரு, டேப்புல விரல் பட்டதும் கண்ணு அங்க வரும். மொத நாலு நாள் ஒண்ணும் இல்ல. நேத்து காலைல நான் அடுப்படில இருந்தேன், நான் சொல்லல, வந்து பாத்தா தட்டு காலி, ரெண்டும் சாப்பிட்டிருக்காரு. இன்னைக்கு மறுபடியும் ஒண்ணு மீதி இருந்துச்சு.